கண்மாய் பச்சையான கதை

எங்கள் ஊர்க் கண்மாயைக் கெடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

நாகலாபுரம் பக்கத்தில் மானாவாரி ஊர் எங்களுடையது. கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆட்கள் குடிக்கக் குழாய் உண்டு, வந்தால் வரும். மாடு குடிக்கக் கண்மாயை விட்டால் நாதியில்லை. ஐப்பசி மழையில் கரிசல் கரைந்து கலங்கலாக நிரம்பும். தை பிறந்தால் தெளியும். பங்குனியில் வற்ற வற்ற ஓரத்தில் மட்டும் பாசி கட்டும். வைகாசியில் தரை வெடித்துக் காய்ந்ததும் ஆளாளுக்கு வண்டல் அள்ளிப் புஞ்சையில் போடுவார்கள். செத்த பாசியின் சத்தெல்லாம் அதோடு வெளியேறிவிடும்.

அந்த ஒழுங்கைக் கோயில் கமிட்டி ஒரே கூட்டத்தில் முடித்துவைத்தது. அம்மன் கொடைத் திருவிழாச் செலவுக்காகக் கண்மாயை மீன் குத்தகைக்கு விட்டார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கமிட்டியில் இருந்தார், கையையும் தூக்கினார்.

குத்தகைக்காரர் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மடையை அடைத்துவிட்டு லாரி லாரியாகக் கோழிக் கழிவைக் கொட்டினார். தண்ணீர் பச்சையானால்தான் மீன் கொழுக்குமாம். தை மாதமே பச்சையானது. ஊரே கரையில் நின்று ரசித்தது. கரிசலில் பிறந்தவர்களுக்குப் பச்சையைக் கண்டாலே மனசு இளகிவிடும். பச்சையாக இருப்பதெல்லாம் விளைச்சல் என்று ஒரு நினைப்பு. கண்மாய் நாற்றங்கால் மாதிரி இருக்கிறது என்று பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம் மார்கழியிலேயே பாசி வந்துவிட்டது. மீன் கிடப்பதால் கண்மாயைக் காயவிடவில்லை, வண்டலும் அள்ளவிடவில்லை. செத்த பாசி அடியில் தங்கி, மழைத் தண்ணீர் கலக்கியதும் புதுப் பாசிக்குத் தீனியானது. மக்காச்சோளத்துக்குப் போட்ட உரமும் ஓடையோடு வந்து சேர்ந்தது. அதற்கும் அடுத்த வருஷம் பாசி போகவே இல்லை. பெயின்ட் கொட்டியது போல மேலே ஏடு கட்டி நாறியது. வீட்டுக்காரரிடம் சொன்னால், உன் மூக்குக்கு மட்டும் எப்படித்தான் நாறுகிறதோ என்று கேலி செய்தார்.

அந்த மாசியில் எங்கள் கறவை மாடு, காற்று கரையோரம் ஒதுக்கியிருந்த அந்த ஏட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடித்தது. வீடு வந்ததும் நடுங்கியது. பிறகு விழுந்தது, எழவில்லை. மாட்டு டாக்டர் கண்மாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கன்றையாவது அந்தப் பக்கம் விடாதீர்கள் என்றார். ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. கமிட்டியில் முறையிட்டேன். மாட்டுக்கு வேறு சீக்கு இருந்திருக்கும், தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று சாதித்தார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

பங்குனியில் கொடை வந்தது. அம்மனுக்குத் தீர்த்தக் குடம் கண்மாயில் மொண்டு வருவதுதான் காலங்காலமாக வழக்கம். அன்றைக்கு மேளம் கண்மாய்ப் பக்கமே திரும்பவில்லை. கோயில் வாசலில், கோவில்பட்டியிலிருந்து வந்த கேன் தண்ணீரைக் குடங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் தலையிலும் ஒன்றை ஏற்றினார்கள். ஏன் கண்மாய்க்குப் போகவில்லை என்று கமிட்டித் தலைவரிடம் கேட்டேன்.

"அந்தத் தண்ணிய அம்மனுக்கு ஊத்த முடியுமா? நாறுதுல்லா."

"அம்மனுக்கு ஆகாதுன்னு தெரியுதுல்லா அண்ணாச்சி. எம் மாடு செத்தப்ப மட்டும் ஏன் தெரியல?"

மேளம் நின்றுவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, சாமி காரியம். வரிசையில நில்லு."

நான் நிற்கவில்லை. குடத்தோடு நேரே வீட்டுக்கு நடந்தேன். தாயில்லாத கன்று தொழுவத்தில் கட்டிக் கிடந்தது. தீர்த்தத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதன் தொட்டியில் கவிழ்த்தேன். தலையைத் தூக்காமல் குடித்தது.