நோன்பு திறக்கும் நேரத்தில் வந்த ஓட்டோ

பிள்ளை உள்ளே இருக்கும்போதே என் கருப்பை கிழிந்தது. அப்படிப்பட்டவள் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது என் ரப்பின், என்னைப் படைத்தவனின், வேலை. இதைத் தாழ்ந்த குரலில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் கட்டிக்கொடுத்த வீட்டுத் திட்டத்தில் இருந்தோம். கலியாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. கருப்பையில் கட்டி என்று அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள். டொக்டர் அப்போதே சொன்னார்: தையல் ஆழமானது, பிள்ளை தங்கி வயிறு வலித்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்காதே. வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்பு மாதம். எனக்கு எட்டாம் மாதம். மாலை அஸர் தொழுகை முடிந்து நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ பிளந்தது. வலி தோள்வரை ஏறியது. கண் இருட்டியது.

உம்மா கஞ்சிப் பானையை விட்டு அசையவில்லை. "வாயுவாக்கும் புள்ள. இஞ்சி தட்டித் தாறன்."

"வாயு இல்ல உம்மா. டொக்டர் சொன்ன வலி இதுதான்."

எனக்கு மூத்தவள், ராத்தா, சம்பல் அரைத்தபடியே சொன்னாள்: "என்னகா, ஊருல நீ மட்டுமா புள்ளப் பெறுறாய்? கொஞ்சம் பொறு. நோன்பத் துறந்துட்டு எல்லாருமாப் போவம்."

எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பொறுக்கச் சொன்னது இவர்கள். மார்க்கம் சொல்லவில்லை.

கணவர் ஓட்டோ தேடி ஓடினார். நோன்பு திறக்கும் நேரம் எங்கள் தெருவில் நாய்கூட இருக்காது. ஓட்டோக்காரரெல்லாம் வீட்டில் பேரீச்சம்பழத்தின் முன் உட்கார்ந்திருப்பார்கள். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று அழுதார். அந்த நேரத்தில் இறைவனிடம் கேட்கும் துஆ மறுக்கப்படாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். நான் கேட்டேன்: "யா அல்லாஹ், இப்ப அனுப்பு. பிறகு வேணாம்."

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு ஓட்டோ வந்தது. ஓட்டோக்காரர் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புத் தமிழர். பக்கத்து வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்க வந்தவர். அவருக்கு நோன்பில்லை. அதனால்தான் அந்த நேரம் தெருவில் இருந்தார்.

ராத்தா என் கையைப் பிடித்தாள். "ஆரெண்டும் தெரியா. தமிழாக்களுக்கும் நமக்கும் காலமும் இன்னும் சரியில்ல."

"அவரத் தெரியாது. அனுப்பினவனத் தெரியும். கைய விடு."

ஓட்டோக்காரர் வண்டியைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "ஏறுங்க அக்கா. சண்டைய வந்து புடிங்க."

கணவர் நோன்பு திறக்காமலே ஏறினார். ஓட்டோக்காரர் தண்ணீர்ப் போத்தலைப் பின்னால் நீட்டினார். "குடிங்க நானா. நீங்களும் விழுந்தா ரெண்டு பேர என்னால தூக்கேலாது."

ஆஸ்பத்திரியில் உடனே மேசையில் ஏற்றினார்கள். வயிறு நிறைய இரத்தம். பழைய தையல் வாய் பிளந்திருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு பேருமில்லை என்றார் டொக்டர். மகள் முதலில் அழவில்லை. பிறகு அழுதாள். கருப்பையை எடுத்துவிட்டார்கள். கேட்ட பிள்ளையைத் தந்துவிட்டான், எனக்குக் கவலையில்லை.

உம்மா வந்து கால்மாட்டில் நின்றார். "கோபமா புள்ள?"

"ஓம்" என்றேன். பிறகுதான் பிள்ளையைக் கையில் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டுத் திட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு வலி என்றாலும் என்னைத் தேடித்தான் ஆள் வருகிறது. கஞ்சி ஆறட்டும், விருந்தாளி இருக்கட்டும் என்று நானே ஓட்டோவில் ஏற்றிவிடுவேன். என் வாய் என்றால் எல்லோருக்கும் பயம். அந்த வாயும் ரப்பு தந்ததுதான்.

சகோதரிகளே, அவனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இப்போதே வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து செருப்பைப் போடுங்கள். அவன் யாரை அனுப்பினாலும் ஏறிக்கொள்ளுங்கள்.