மீன் ஏலத்தில் ஒரு கடற்பசுவின் கை

முதல்நாள் மண்டபப் பூட்டின் திறப்பை எங்களிடம் தந்த மண்டபத் தலைவர், கண்காட்சியன்று காலையில் வந்து அதைத் திருப்பிக் கேட்டார்.

அப்போது நான் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஒப்பந்த உதவியாளர். பரிணாமத்தையும் அந்தக் கருத்தின் வரலாற்றையும் படங்களும் எலும்புகளுமாக ஊர் ஊராகக் காட்டுவது எங்கள் வேலை. அடம்பனிலும் நானாட்டானிலும் முடித்துவிட்டு, மன்னார்க் கரையோரத்தில் போருக்குப் பின் மீள்குடியேறிய ஒரு மீனவக் கிராமத்துக்கு வந்திருந்தோம்.

"பிள்ளை, குரங்கில இருந்து வந்தனாங்கள் எண்டு இஞ்ச சொல்லேலாது. அந்தப் படத்தைக் கழட்டிப்போட்டு நடத்துங்கோ."

"அப்பிடி எழுதேல்லை ஐயா. குரங்குக்கும் எங்களுக்கும் ஒரே மூதாதை எண்டுதான் கிடக்கு."

"அது அதைவிட மோசம். சனம் இப்பதான் முகாமால வந்திருக்குது. அதுகளுக்கு உது விளங்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். பார்த்துவிட்டு யாரும் மறுக்கட்டும், ஏசட்டும். பார்க்கவே விடாமல் விளங்காது என்று சொல்ல இவர் யார்? முகாமில் மற்றவர்கள் இந்தச் சனத்துக்காக முடிவெடுத்தது போதாதா?

பேராசிரியருக்கு போன் எடுத்தேன்.

"கழட்டிப்போட்டு நடத்துங்கோ. உங்கட ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது, யோசியுங்கோ," என்றார்.

யோசித்தேன். திறப்பைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, சாமான்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனேன். பொதுக்கூட்டம் என்றால் படையினரிடம் அனுமதி எடுக்கவேண்டிய காலம் அது. மீன் ஏலத்துக்குச் சனம் கூடுவதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏலம் முடிந்ததும் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டேன். செத்துக் கரையொதுங்கிய கடற்பசு ஒன்றின் துடுப்பெலும்புகளைப் பலகையில் பொருத்தி வைத்திருந்தோம். ஏலம் கூறுகிற மரியதாஸ் அண்ணையிடம் மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி, அதைக் கொடுத்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் அவர் தலைக்கு மேலே தூக்கும் எதுவும் விலைக்குத்தான்.

"ஐந்நூறு!" என்று ஒரு அக்கா பழக்கதோசத்தில் கத்திவிட்டார். கரையே சிரித்தது.

மரியதாஸ் அண்ணை பலகையை இறக்கிப் பார்த்தார்.

"என்ன இது, அஞ்சு விரல் கிடக்குது!" தன் கையை அதன் பக்கத்தில் விரித்தார். "அப்ப இது எங்களுக்குச் சொந்தமோ பிள்ளை?"

"ஓம் அண்ணை, தூரத்துச் சொந்தம்."

"குரங்கு?"

"கிட்டடிச் சொந்தம்."

"அது எனக்கு முந்தியே தெரியும். இந்த மனுசன்ர பக்கத்துச் சொந்தம்," என்று அந்த அக்கா தன் கணவரைக் காட்டினார்.

இந்தக் கருத்தை எழுதியவரையே அவருடைய நாட்டில் குரங்காக வரைந்து கேலி செய்த கதையையும் சொன்னேன். ஒரு பெரியவர் கையை உயர்த்தி, "ஆண்டவர்தான் படைச்சவர். நான் நம்பமாட்டன்," என்றார்.

"நம்பவேண்டாம் ஐயா, பாருங்கோ," என்றேன். அவர்தான் கடைசிவரை நின்று பார்த்தார்.

மண்டபத் தலைவர் கூட்டத்துக்கு வெளியே வந்து நின்றார். மரியதாஸ் அண்ணை ஏலக் குரலிலேயே கூப்பிட்டார்: "முன்னுக்கு வாங்கோ ஐயா! உங்களுக்கும் விளங்கும்."

பின்னேரம் பேராசிரியர் போன் எடுத்தார். "படத்தைக் கழட்டினீங்களோ?"

"இல்லை சேர். எல்லாருக்கும் தெரிய உயர்த்திக் கட்டினனான்."

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. வேறு வேலை தேடிக்கொண்டேன். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மண்டபம் போனால் போகட்டும். சனத்துக்கு விளங்காது என்று சொல்கிறவருக்காக ஒரு படத்தையும் கழற்றாதீர்கள்.