இருமல் வராத காலை

எக்ஸ்ரே வேனுக்கு முன்னால் மாணவர்கள் செல்போனைப் பார்த்தபடி வரிசையில் நகர்ந்தார்கள். சுடலை மட்டும் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். காசநோய்ச் சோதனை முடித்தவர்களுக்குத்தான் இனி உள்ளே அனுமதி என்று முதலிபாளையம் பக்கத்து அந்தக் கல்லூரி அறிவித்திருந்தது. மாணவர், பேராசிரியர், கூட்டிப் பெருக்குகிறவர், எல்லோருக்கும் ஒரே சட்டம்.

சுடலை பின்னலாடைத் துறையின் ஆய்வக உதவியாளர். சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூர் வந்து, குளிர்காலத் துணிக்கு உட்புறம் பஞ்சு எழுப்பும் ரைசிங் யூனிட்டில் பல வருடம் நின்றவர். மூச்சு வாங்கத் தொடங்கியதும் இங்கே மாறிக்கொண்டார். இருமல் கூடவே வந்துவிட்டது. சோதனையில் ஏதாவது தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும் என்று பயம். நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட ஆசை. ஆசைதான் அவரை வேனில் ஏற்றியது.

"ஏம்மா, யூனிட்ல செவப்புத் துணி ஓடுனா செவப்பாத் துப்புவேன். நீலம் ஓடுனா நீலம். அந்தக் கலரெல்லாம் படத்துல தெரியுமா?"

எக்ஸ்ரே எடுத்த கிருத்திகா சிரித்துவிட்டாள். "கருப்பு வெள்ளை மட்டுந்தானுங்கண்ணா. மூச்ச இழுத்துப் புடிங்க."

படத்தில் வலது தோளுக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்று.

"பஞ்சுதான்," என்றார் சுடலை, தெரிந்தவரைப் பார்த்ததுபோல.

"அதைச் சளி டெஸ்ட்டுதானுங்க சொல்லோணும்," என்று சின்ன டப்பாவைக் காட்டினாள். "காலைல வந்து இதுல துப்பிக் குடுங்க."

மறுநாள் காலை டப்பாவோடு வேப்பமரத்தடியில் நின்று இருமினார். எச்சில்தான் வந்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், நெஞ்சில் குத்திக்கூடப் பார்த்தார்.

"நாளெல்லாம் லொக்கு லொக்குனு கேட்டைக் காவல் காத்தீங்க. இன்னைக்கு இருமலுக்கு லீவுங்களா?" என்றார் காவலாளி நல்லான்.

கிருத்திகா வந்தாள். "ஏனுங்கண்ணா, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. வெல்லம் மட்டும்."

"வெல்லமா?"

"யூனிட்ல எல்லாரும் திங்கதுதான். தொண்டைல நிக்கற பஞ்சு உள்ள போயிரும். டெஸ்ட்டாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு ஒரு கட்டி கூடவே தின்னேன்."

அவள் தன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேல வரோணும்னு நான் கேக்கறேன், நீங்க கீழ அனுப்பிட்டு வந்து நிக்கறீங்க! நாளைக்கு எந்திரிச்சதும் மொத இருமல். தண்ணியில வாய் கொப்பளிச்சாப் போதும்."

அதற்கு அடுத்த காலை இருமல் தானாகவே வந்தது.

முடிவைச் சொன்னது அரசு மருத்துவமனை டாக்டர். "கிருமி இருக்குதுங்க."

"பஞ்சு இல்லையா?" சுடலையின் குரல் இறங்கிவிட்டது.

"பஞ்சு பண்ணுன கெடுதலை முழுசாச் சரிபண்ண மருந்து இல்லீங்க. கிருமி அப்படியில்ல. ஆறு மாசம் மாத்திரையை விடாமச் சாப்பிட்டாப் போயிரும்."

நெஞ்சுக்குள் இத்தனை நாள் வேறு யாரோ குடியிருந்தது அவருக்கு வியப்பாக இருந்தது. வாசலுக்கு வந்து துறைத் தலைவர் மகுடேஸ்வரனுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் ஊட்டுல இருங்க," என்றார் அவர். "உங்க எடத்துல யாரையும் போட மாட்டோமுங்க."

அடுத்த போன் மனைவிக்கு. "ஏட்டி, வேலை போகல. நீயும் பிள்ளையும் கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒங்களுக்கும் பாக்கணுமாம். பயப்படாத."

"நானா பயந்தேன்? வேன் வருதுன்னதும் ரெண்டு நாளு சோறு எறங்காமக் கெடந்தது யாரு?"

சுடலை சிரித்தார். சிரிப்பு இருமலானது. முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு, மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நின்றார்.