நான்கு மூலை மஞ்சளும் ஜூன் முப்பதும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு முதலாளி ஸ்வீடன் நாட்டு அம்மையார். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டில் ஆபீஸ். பெயர்ப்பலகையில் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று இரண்டு வார்த்தைகள் இருந்தன. அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னென்ன சட்டம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. ஒன்பதாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன் நான். அப்புறம் டைப் அடிக்கப் பழகினேன். மூர் மார்க்கெட்டில் பழைய வருமானவரிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படித்தேன். அப்படித்தான் அந்த ஆபீசுக்கு மேனேஜரானேன்.

ஆபீசில் மொத்தம் மூன்று பேர். நான் ஒருவன். துணியை மடித்து, அட்டை வைத்துக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பத் தயார் செய்பவர் ஓரிக்கையிலிருந்து நடந்து வரும் அக்கா. மூன்றாவது ஆள் டிசைன் போடுபவர். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து மயிலோ மாங்காயோ எதைக் கேட்டாலும் இறக்கிவிடுவார். எங்களுக்காகப் பதினான்கு தறிகள் ஓடின.

முதலாளியம்மா வருஷத்துக்கு ஒரு முறை, வைகாசியில் கருடசேவை நேரத்தில் வந்து, ஆபீசின் மாடியறையிலேயே தங்குவார். ஸ்வீடன் என்று வாயில் நுழையாத நெசவாளிகள் அவருக்குச் 'சுவீட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனியின் பங்குகள் அவர் பேரிலும் அவருடைய தம்பி பேரிலும் இருந்தன. தம்பி காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஊரில் கம்பெனி வைத்திருப்பது அவருக்குப் பிடிக்கவுமில்லை.

அந்த வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது, டாக்சியில் ஒரு காலை வைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார்: "என் தம்பி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். கம்பெனியின் முதல் வருமானவரி ரிட்டர்ன் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்கிறான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்."

கெடு ஜூன் முப்பது. ரிட்டர்னில் நிர்வாக இயக்குநர் என்ற முறையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கிளம்பும் முன்பே நீல மையில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆடிட்டரின் கணக்குத் தாள்கள் மட்டும் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தன. ஜூன் இருபத்தேழாம் தேதி காலையில் அவையும் வந்தன. எல்லாவற்றையும் அடுக்கி, நூல் கோத்துக் கட்டி முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, மொதமொதலா கவர்மெண்டுக்குப் போற காயிதம். நாலு மூலையிலயும் மஞ்ச வெச்சுக் குடுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையோ புது நோட்டுப் புத்தகமோ, மூலையில் மஞ்சள் படாமல் வாசல் தாண்டாது.

அக்கா சிரித்தார். "பொண்ணு யாரு, மாப்பிள்ள யாருப்பா?"

"பொண்ணு நம்ம கம்பெனி. மாப்பிள்ள இன்கம்டாக்ஸ் ஆபீசரு."

"அப்ப வரதட்சணை நெறைய கேப்பாரே!"

மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீராகவே குழைத்துவிட்டார். நான்கு மூலையிலும் தொட்டு வைத்து, பட்டை மடித்து வைக்கும் வழக்கத்தில், கட்டின் மேல் பலகையைப் போட்டு அதன் மேல் கல்லையும் ஏற்றிவிட்டார். மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தேன். கடைசித் தாளின் வலது மூலையில், கையெழுத்து இருந்த இடத்தில், ஒரு பச்சைக் குளம். நீலத்தில் மஞ்சள் விழுந்தால் பச்சை என்று சாயப்பட்டறைப் பக்கம் விளையாடும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கைய வெட்டிப் போடணும்பா."

"வைக்கச் சொன்னது நான்தானேக்கா" என்றேன். அம்மா ஸ்வீடனில். தபால் போய் வரப் பதினாறு நாளாவது ஆகும். கெடுவுக்கு மூன்றே நாள்.

டிசைன்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கா ஒப்பாரி? புது ஃபாரம் இருக்குது இல்ல? அந்தம்மா எழுதின கடுதாசி ஒண்ணு குடு. அன்னப்பட்சியே போடறவன், ஒரு கையெழுத்து போட மாட்டனா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை எடுத்து நானேதான் கொடுத்தேன். அவர் கட்டத்தாளில் அளவெடுத்து, பத்து நிமிஷத்தில் வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினார். அசந்துபோனேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தம்மா எப்பவும் ஓடிக்கினே கையெழுத்து போடும்பா. இது உக்காந்து கோலம் போட்ட மாதிரி இருக்குதே."

"ஓடறாப்பலயும் போட்டுட்டா போச்சு" என்றார் டிசைன்காரர்.

அவர் பேனாவை மறுபடி எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாள் தவறினால் அது தாமதம். இதை அனுப்பினால் பித்தலாட்டம். மூடத் துடிக்கும் தம்பிக்கு நாமே சாவியை எடுத்துக் கொடுப்பதுபோல. தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். "ராஜா மாதிரி வந்திருந்துச்சு, கிழிச்சிட்டியே" என்று டிசைன்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை அந்தப் பச்சைத் தாளோடு வருமானவரி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"யோவ், அழுதுக்கினே குடுக்கறவன பாத்திருக்கறேன், திட்டிக்கினே குடுக்கறவன பாத்திருக்கறேன். மங்களகரமா குடுத்தவன் நீ ஒருத்தன்தான்யா!"

பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். "இது செல்லாது. ஆனா ஒண்ணு சொல்றேன். கெடு முடிஞ்சு வந்து நின்னா நீ லேட்டு. முடியறதுக்கு முந்தி வந்து கேட்டா, அது அவகாசம். அதுக்குன்னே ஃபாரம் இருக்குது. ஆபீசர் குடுத்தாலும் குடுப்பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் புத்தகத்திலும் அந்தப் பிரிவு இருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன். படித்துத்தான் இருக்கிறேன், மனதில் நிற்கவில்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்ற நினைப்பே நம்மைப் போன்றவர்களுக்கு வருவதில்லையே. கட்டளைகளை மனப்பாடம் செய்தவன், சலுகையை வேறு யாருக்கோ எழுதியது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. "தபால் தாமதம்னு எழுதுய்யா. ஊரே அதத்தான் எழுதுது" என்றார் குமாஸ்தா. நேற்றுக் கிழித்த தாள் அளவுக்கு இது பெரிய பொய்யில்லைதான். ஆனாலும் நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதினேன். கம்பெனி சார்பில் பேச அம்மா கொடுத்திருந்த அதிகாரக் கடிதத்தையும் சேர்த்து வைத்தேன்.

ஆபீசர் உள்ளே கூப்பிட்டார். நான்கு வரியையும் நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தபால் போய் வர எத்தனை நாள்?"

"பதினாறு நாள் ஆவும் சார்."

"ஜூலை இருபது வரைக்கும் தரேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "புது ஃபாரத்துக்கும் மஞ்சள் வைப்பீங்களா?"

"சத்தியமா மாட்டோம் சார்."

"ஏன், வைங்க. கவர் மேல வைங்க."

அன்றே புது ஃபாரம் விமானத் தபாலில் போனது. கூடவே அவகாச விண்ணப்பத்தின் நகலையும் வைத்தேன். அதைத் தம்பியும் படிப்பார் என்று எனக்குத் தெரியும். வைக்காமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

அப்புறம் காத்திருந்த நாட்களை என்னவென்று சொல்வது! அக்கா தினமும் தபால்காரரை வாசலில் மடக்குவார். "எங்க ஃபாரினு கடுதாசி எங்கப்பா?" என்பார். "நான் என்னம்மா கப்பலா ஓட்றேன்?" என்பார் அவர். தறிக்காரர்கள் எதையோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். அடுத்த பாவு நூலைத் தறியில் இறக்கலாமா வேண்டாமா என்று வந்து கேட்டவர்களுக்கு, "இறக்குங்க" என்று தைரியமாகச் சொன்னேன். தைரியம் வாயில் மட்டும்தான் இருந்தது.

ஜூலை பதினேழாம் தேதி உறை வந்தது. கையெழுத்தான ஃபாரம் உள்ளே பத்திரமாக இருந்தது. கடைசி எழுத்து வழக்கம்போலப் பாதியில் ஓடியிருந்தது. அதோடு, டைப் அடித்த வேறொரு கடிதம். தம்பி எழுதியது. மூன்றே வாக்கியம். கம்பெனியை மூடச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். தன் தவற்றை இப்படிச் சொந்தக் கையால் எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தவரைத் தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த வைகாசிக்குத் தன் அக்கா சுவீட்டம்மாவோடு தானும் வருவதாக முடித்திருந்தார்.

உறையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். புதுக் கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போதே குமாஸ்தா 'டப்' என்று முத்திரை குத்தி ரசீதை நீட்டினார்.

ஆபீசுக்குத் திரும்பிக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். டிசைன்காரரும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தம்பிக்காரரு எம்மாம் ஒசரம் இருப்பாரு?" என்று அக்கா கேட்டார். "அந்தம்மாவே நிலைப்படியில தலைய இடிச்சுக்கும். மேல இருக்கிற கட்டில்ல இவரு கால நீட்ட முடியுமா?"

டிசைன்காரர் துணி அளக்கும் கோலை எடுத்தார். மூன்று பேரும் மாடியறைக்கு ஏறினோம், கட்டிலை அளக்க.