அய்குலின் தங்கப் பல்

என்ர வெட்கத்தையும் கேட்டறிய வேணுமோ? உனக்கு வேற வேலை இல்லையோ பிள்ளை? சரி, கேள்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோரா, அதுதான் இத்தாலிய அம்மா ஒருத்தியின் வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். கசகஸ்தானிலிருந்து வந்த அய்குல் அங்கே வேலை கேட்டாள். வாய் நிறையத் தங்கப் பல். அவள் ஊரில் தோண்டினால் எண்ணெய் வருமாம். “அவ பெரிய பணக்காரி, வேலை குடுக்காதேங்கோ” என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டேன். அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

வாசல் படியில் குந்தியிருந்து அழுதாள். “எண்ணெய் ஊர்க்காரி ஏன் அழுறாய்?” என்று அரைகுறை இத்தாலியனில் கேட்டேன்.

“எண்ணெய் குழாயில வெளியூருக்குப் போகுது. எங்கட வீடு குளிரில விறைக்குது. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான், மாசக்கணக்காச் சம்பளமில்லை. பல்லு பழைய அரசாங்கம் இருக்கேக்க கட்டினது.”

காலுக்குக் கீழே எண்ணெய் இருக்க எப்படிக் குளிரும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“அப்ப பல்லைக் கழட்டி அடகு வையன்” என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நான்தான் தலைகுனிந்துகொண்டேன்.

மறுநாள் சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லி, அந்த வேலையை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். அக்கம்பக்கத்தார் காரணம் கேட்டார்கள்.

“அந்த வீட்டில படிகள் கனக்க, என்ர முழங்காலுக்கு ஏலாது” என்று சொல்லிவைத்தேன்.