நீலத்தாளுக்குள் எங்கள் தெரு

பசுமை நகரம் ஒன்றை அட்டையில் செய்துவரச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இன்று எங்கள் ஆனையூர்ப் பக்கத்தையே செய்து தூக்கிவந்தார்கள்.

நடுவில் பெரிதாக நீலத்தாள். பழைய வரைபடத்தில் இருந்த கண்மாயாம்.

"உள்ள இருந்த வீட்டையெல்லாம் எடுத்துட்டோம் மிஸ்," என்றாள் செல்வி.

எங்கள் தெருவும் அந்த நீலத்துக்குள்தான் இருந்தது.

"அங்க குடியிருக்கவங்க எங்க போவாங்க?"

"அது அவுக பாடு மிஸ். கண்மாய்க்குள்ள போயி எதுக்கு வீடு கட்டுனாக?"

வகுப்பே சிரித்தது. என் வீடும் அங்கேதான் என்று சொல்லாமலே பத்துக்குப் பத்து போட்டேன்.

வீட்டுக்கு வந்தால், மாடியில் ரூம் எடுக்க அப்பா செங்கல் இறக்கிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்கு அடியில் முன்பு என்ன இருந்தது? விசாரிக்கப் பயமாக இருந்தால், அதையாவது சொல்லுங்கள்.