‘ஏலே’ என்றால் திரும்பாத பிள்ளை

போன செவ்வாய்க்கிழமை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்காக நிற்கிறோம். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் - “ஏட்டி! நில்லுட்டி!”

ஆறு பேர் திரும்பிப் பார்த்தோம். ரிட்டயராக நாலே வருஷம் பாக்கி இருக்கிற நானும்தான்!

வெளியூர் வாசகிகள் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் பக்கம் அது வசவு இல்லை. ஆண்பிள்ளை என்றால் ஏலே, பெண்பிள்ளை என்றால் ஏட்டி. உரிமை இருக்கிற இடத்தில் தானாக வாயில் வரும்.

என் பக்கத்தில் நின்ற முத்துவும் திரும்பினாள். யாராவது பார்த்தார்களா? அந்த டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் எதற்குச் சிரிக்கிறார்கள்? முத்துவை மறைத்தாற்போல நகர்ந்து நின்றுகொண்டேன். அவர்கள் சிரித்தது வேறு எதற்கோ... ஆனாலும் பஸ் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஏன் இத்தனை பயம் என்கிறீர்களா?

முத்து எங்கள் வளர்ப்புப் பிள்ளை. அவள் முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்தின் பதிவேட்டில் ‘ஆண்’ என்று எழுதியிருக்கும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் ஓட்டப்பிடாரம் தபால் ஆபீஸில் கவுண்ட்டரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால், பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்றை எங்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தத்து இல்லை, கவனியுங்கள். வளர்ப்பு. சோறு போடலாம், பள்ளிக்கூடம் அனுப்பலாம், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபைலோடு ஆள் வந்து பார்ப்பார்கள். ‘சரியில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும் - பிள்ளை திரும்ப இல்லத்துக்கு.

வந்த முதல் வாரமே ஒரு குறை கண்டுபிடித்தோம். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை!

“ஏலே முத்து!” - பதில் இல்லை. “ஏலே, சாப்பிட வாலே!” - ம்ஹூம். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். “எவனாவது காதோட சேத்து அறைஞ்சிருப்பானோ?” என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனேன், காது டாக்டரிடம்.

டாக்டர் ஒரு கம்பியைத் தட்டிக் காதோரம் வைத்தார். லைட் அடித்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. “ஒங்க காதை விட நல்ல காதும்மா” என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து ஆட்டோ தேடுகிறேன். தெருவில் எவளோ எவளையோ, “ஏட்டி, குடையை விட்டுட்டுப் போற!” என்று கத்தினாள். என் பக்கத்தில் நின்ற பிள்ளை சட்டென்று திரும்பியது. திரும்பியதும் என்னை ஒரு பார்வை பார்த்தது... அடி விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

பஸ்ஸில் வரும்போதுதான் தானாக வாயைத் திறந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

“ஏலேன்னா வேற யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கு அத்தை. நான் பொம்பளப்பிள்ளைதான். அங்கன இதச் சொன்னதுக்குத்தான்...”

உதட்டை விலக்கிக் காட்டியது. முன்பல்லில் பாதியைக் காணோம். ‘விளையாடும்போது விழுந்தது’ என்று ஃபைலில் படித்திருக்கிறேன்.

“திரும்ப அங்கன அனுப்பிராதீங்க அத்தை. அனுப்பினா இருக்க மாட்டேன். எங்கனயாவது போயிருவேன்.”

எங்கே போகும் பதிமூன்று வயதுப் பிள்ளை? பதில் தெரியாமல் இல்லை. ரயிலில் கைநீட்டுகிற பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பாசமெல்லாம் பொங்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றுதான் புத்தி முதலில் ஓடியது. இரண்டு நாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் யூனிட்டில் மிஞ்சிய துணியில் ஒரு சுடிதார் டாப்ஸ் தைத்துக் கொண்டுவந்தார். பச்சையில் மஞ்சள் பூ. கட்டிலில் வைத்தார்.

“அளவு எப்படித் தெரியும்?” என்றேன்.

“கட்டிங் மாஸ்டர்ட்ட கேக்குத கேள்வியாட்டி இது?” என்றார்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற நிற்பு இருக்கிறதே... அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி திரும்பியது. அதிலிருந்து கதவைச் சாத்தினால் ஏட்டி, வாசலைத் தாண்டினால் ஏலே என்று வைத்துக்கொண்டோம்.

முதல் விசிட்டுக்கு வருவதாகக் கார்டு வந்தது. எங்கள் ஆபீஸ் வழியாகத்தானே வரவேண்டும்? முத்திரையை நானே குத்தினேன்.

நடுவீட்டில் ஒத்திகை ஆரம்பித்தோம். “ஏலேன்னா ஒரே கூப்பிடுல திரும்பணும், என்ன?” நான் அடுப்படியிலிருந்து “ஏலே!” என்பேன். அவள் ஒரு நொடி யோசித்துத் திரும்புவாள். “லேட்டு! இன்னொரு தடவை!” பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஒரு பிள்ளைக்கு வேறொருத்தனாக இருக்கச் சொல்லிக்கொடுத்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் வேறு வழி?

வந்தவர் ஐம்பது வயது மேடம். கண்ணாடி, ரெக்சின் பை, கறாரான குரல். எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான், மார்க் ஷீட் எங்கே... என் வீட்டுக்காரர் நடிப்பில் வெளுத்துக்கட்டினார். “ஏலே முத்து, மேடத்துக்குக் காப்பி கொண்டாலே!”

ஒரே கூப்பிடு. முத்து திரும்பிவிட்டாள்! காப்பியும் வந்தது. மேடம் ஃபைலை மூடப்போகிறார்... பேனா மூடியைத் தேடுகிறார்...

பின்பக்கச் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு மாரியக்கா. ஆடு மேய்க்கிற குடும்பம். குரலை இறக்கிப் பேசியே பழக்கமில்லாத ஆள்.

“ஏட்டி முத்து! வெள்ளைக்குட்டி ஒங்க வீட்டுக்குள்ள பூந்துட்டு! புடிச்சுத் தாட்டி!”

“இந்தா வாரேன்க்கா!” - ஒத்திகை, மேடம், ஃபைல் எல்லாம் மறந்து முத்து கொல்லைக்கு ஓடினாள்.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அந்தம்மா யாரைக் கூப்பிடுதாங்க?”

நான் காப்பி டம்ளரை எடுத்துத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். பதில் சுவருக்கு மேலிருந்து வந்தது.

“முத்துவத்தான்.”

“அது பையன்லாம்மா?”

“எனக்கென்ன தெரியும்? ஏலேன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பல. ஏட்டின்னேன், திரும்பிட்டு. திரும்புத சொல்லச் சொல்லித்தான கூப்பிடணும்? ஆட்டையே நான் அப்படித்தான் கூப்பிடுதேன்.”

குட்டி கைக்கு வந்ததும் தலை மறைந்துவிட்டது. நாங்கள் கதவைச் சாத்திச் சாத்திக் காப்பாற்றிய ரகசியம்! அவளுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்திருக்கவில்லை.

இனி எதை மறைக்க? காது டாக்டரில் ஆரம்பித்து உடைந்த பல் வரைக்கும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். “அனுப்பிராதீங்க மேடம்... போனா அங்க இருக்காது. ஓடிரும். ஓடினா நம்ம கைக்கு வராது.”

முத்து கொல்லை வாசலில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

மேடம் ஃபைலைப் புரட்டி, ‘விளையாடும்போது விழுந்தது’ என்ற வரியைப் படித்தார். பிறகு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஏலேயும் இல்லை, ஏட்டியும் இல்லை. “இங்க வாம்மா” என்றார். பல்லைப் பார்த்தார். குனிந்து எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனாச் சத்தத்துக்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது.

எழுதியதை என் பக்கம் திருப்பினார். ‘கேட்கும் திறன்: நன்று. இங்கேயே இருக்கலாம்.’

“இந்தப் பல்லைப் பத்தி நான் அங்க கேக்குதேன்” என்றார். “ஆனா அடுத்த தடவை நானேதான் வருவேன்னு சொல்ல முடியாது. சூதானமா இருங்க.”

அடுத்த தடவை வேறு ஆள்தான் வந்தார். அதற்கடுத்து இன்னொருவர். பதினெட்டு வயது முடிகிறவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஒத்திகை. மாரியக்காவை மட்டும் அந்த நாட்களில் ஆட்டோடு காட்டுப்பக்கம் அனுப்பிவிடுவோம்!

பிள்ளைகளைப் பாதுகாக்க எத்தனை ஃபாரம் வைத்திருக்கிறோம்? உயரம், எடை, தடுப்பூசி, மச்சம் முதற்கொண்டு கட்டம் இருக்கிறது. ‘உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்கத்தான் ஒரு கட்டம் இல்லை. நாங்கள் மட்டும் கேட்டோமா என்ன? காது டாக்டருக்கு ஃபீஸ் கட்டிய பிறகுதானே கேட்டோம்.

இப்போது முத்துவுக்கு இருபது வயது. என் வீட்டுக்காரரின் யூனிட்டிலேயே, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் வேலை. இனி ஃபைலோடு யாரும் வரமாட்டார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, டீக்கடைப் பெஞ்ச் இருக்கிறது. சாயங்காலம் புதியம்புத்தூர் பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள், “எதுக்கு அத்தை என்னைய மறைச்சீங்க?”

“பயம்ட்டி.”

“அவிய என்னையக் கூப்பிடலன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிட்டேன்” என்று சிரித்தாள்.

இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“பேரை மாத்திக்கோங்க அத்தை. ஏட்டியை மாத்திராதீங்க.”

பெயரை மாற்றிவிட்டேன்.